கண்ணாடியில் வளர்ந்த நரம்பு: பிலோமினாவின் நினைவாக

பிலோமினா இறந்த செய்தி எனக்குக் காலி வீதியில் வந்தது. தெஹிவளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் பைகளோடு இறங்கச் சொல்லியிருந்தார்கள். நான் என் பையைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. அவருடைய தம்பி அன்ரன். "அக்கா போயிட்டா" என்றார்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருக்கும் காலம் இது. வரிசையில் நின்று தமிழில் தொலைபேசி பேசுகிறவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் "ஓகே, ஓகே, தேங்க் யூ" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டேன். மரணச் செய்திக்கு நன்றி சொன்னேன். பையைச் சோதித்த பெண் பொலிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னாள். மறுபடி பஸ்ஸில் ஏறி, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரத்மலானை வரைக்கும் போனேன். அழவில்லை. அழுகைக்கும் ஒரு மொழி இருக்கிறது, அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன் போலும்.

கொட்டாஞ்சேனையில் பிலோமினாவோடு கூட வளர்ந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். வெள்ளவத்தையில் அவரிடம் உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகளும் வாசிப்பீர்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தவர்கள் மிகக் குறைவு. செத்தவீட்டில் என்னிடம் ஒருவர், "அவ கோழி டொக்டர்தானே?" என்று கேட்டார். பிலோமினா இருந்தபோதே அவருக்கு அந்தப் பெயர் உண்டு. ஒருமுறை பக்கத்து வீட்டு அன்ரி கழுத்துச் சாய்ந்த கோழிப்பேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மருந்து கேட்டாராம். பிலோமினா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு முட்டைக்குள்ள இருக்கிறதுகளைத்தான் தெரியும் அன்ரி. வெளியில வந்திட்டா என்ர கையில இல்லை" என்றாராம். அன்ரன் இதைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். சொல்லிச் சிரித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எனவே அவர் என்ன வேலை செய்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சரியாகச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி செலுத்தினால் அவர் கோபித்துக்கொள்வார்.

நரம்புக் கலம், அதாவது நரம்புச் செல், ஒன்றை உடம்பிலிருந்து எடுத்து வெறும் கண்ணாடியில் வைத்தால் அது ஒட்டாது. உருண்டு, சுருங்கி, செத்துப்போகும். உடம்புக்குள் அது எந்நேரமும் ஏதாவது ஒரு புரதத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தப் புரதத்தின் எந்தச் சிறு துண்டைத் தொட்டால் அது நார் விட்டு வளரும், எதைத் தொட்டால் சும்மா இருக்கும் என்பதுதான் பிலோமினாவின் கேள்வி. வெளிநாட்டில் படித்த காலத்தில், தீங்கில்லாத ஒரு பற்றீரியாவைக் கொண்டு ஒரு புரதத்தைச் செய்விக்கப் பழகியிருந்தார். அந்தப் புரதத்தின் ஒரு நுனி தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். மறு நுனியில், நரம்புக் கலம் அறிந்துகொள்ளக்கூடிய ஒரு சிறு துண்டை மரபணுவில் கைவைத்துச் சேர்த்திருந்தார். தங்கம் பூசிய கண்ணாடியை அந்தக் கரைசலில் தோய்த்து எடுத்தால், புரத மூலக்கூறுகள் நாற்றுமேடையில் நாற்று நிற்பதுபோல நெருங்கி நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் கோழி முளையத்திலிருந்து எடுத்த நரம்புக் கலங்களை விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பார். "கலத்துக்குக் கண் இல்லை, காது இல்லை. தொட்டுப் பாத்துத்தான் தான் எங்க நிக்கிறன் எண்டு அதுக்குத் தெரியும்" என்பார்.

நான் இரசாயனவியல்காரி. இரத்மலானையில் ஒரே கட்டடத்தில், அவருக்குப் பக்கத்து அறையில், உலோகப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். பிலோமினா வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே என் கதவைத் தட்டினார்.

"நீர்தானே சுபா? கண்ணாடியில தங்கம் பூச ஏலுமா உம்மால? ஊடாகப் பாத்தா மற்றப் பக்கம் தெரியோணும். அவ்வளவு மெல்லிசா."

"ஏலும். தங்கம் ஆர் தருவினம்?"

"செட்டியார் தெருவில என்னத்துக்குக் கடை வச்சிருக்கினம்? வாரும், போவம்."

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை நகைக்கடை ஒன்றில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் பெட்டிகளை எடுத்து விரித்துக்கொண்டே, "ஆருக்கம்மா கலியாணம்?" என்று கேட்டார். பிலோமினா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கோழிக்குஞ்சுக்கு" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு பிலோமினா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினார். தங்கத்தில் செம்பு கலந்திருந்தால் கலங்களுக்கு நஞ்சாகும் என்பது வரைக்கும் சொன்னார். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். கடைசியில் உள்ளே போய், கலப்பே இல்லாத மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, "இதில செம்பு துளியும் இல்லை. உங்கட குஞ்சுக்கு ஒண்டும் ஆகாது" என்றார். அதன் பிறகு அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் கடைக்குள்ளிருந்து, "குஞ்சு எப்பிடி?" என்று கேட்பார். இறந்த செய்தியை அவருக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

முட்டைகள் வத்தளைக்கு அப்பால் ஒரு பண்ணையிலிருந்து வரும். ஒரு வாரம் அடைவைத்த முட்டைகள். சூடு ஆறக்கூடாது என்பதற்காகத் துவாயில் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தலோடு பெட்டியில் வைத்து, முச்சக்கர வண்டியில் நகரம் முழுவதையும் கடந்து கொண்டுவருவார். வழியில் எத்தனையோ சாவடிகள். ஒருநாள் நானும் கூட இருந்தேன். ஓர் இளம் சிப்பாய் பெட்டியைக் காட்டி, "மொனவத மேகே?" என்றான். இதில் என்ன என்று கேட்டான். "பித்தர", முட்டை, என்றார் பிலோமினா. முட்டைக்குத் துவாய் எதற்கு, சுடுதண்ணீர் எதற்கு என்று அவனுக்குச் சந்தேகம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னான். பிலோமினா சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. கடைசியில் ஒரு முட்டையை எடுத்து, பெட்டியின் மூடியில் மெதுவாக உடைத்து ஊற்றினார். சிவப்பு நாளங்களுக்கு நடுவே பெரிய கறுப்புக் கண்ணோடு முளையம் கிடந்தது. இதயம் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் அது துடிப்பதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சிப்பாய் துப்பாக்கியை மற்றத் தோளுக்கு மாற்றினான். "அனே பவ்" என்றான். ஐயோ பாவம் என்று அர்த்தம். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

வண்டிக்குள் நான் அவனைத் திட்டினேன். பிலோமினா, "அவன் சொன்னது சரிதானே. பாவம்தான். அதாலதான் ஒண்டையும் வீணாக்கக் கூடாது" என்றார். மூடியில் கிடந்ததை ஆய்வுகூடம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் முதல் ஆண்டின் பெரும்பகுதி எல்லாம் வீணாகவே போயிற்று. கலங்கள் ஒட்டின. ஒட்டிப் பரந்து, பொரித்த முட்டை போலத் தட்டையாகக் கிடந்தன. வளரவில்லை. சில நாள்களில் செத்தன. நுணுக்குக்காட்டியில் நானும் எட்டிப் பார்ப்பதுண்டு. ஒருமுறை, "இது உயிரோட இருக்கிற மாதிரி இருக்கே" என்று சொன்னேன். "மாதிரி எண்டு ஒரு பிரிவு இல்லை, சுபா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் முன்னால் அந்தச் சொல்லை நான் பாவிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தத் துண்டைச் சுமந்த புரதத்தோடு, துண்டு இல்லாத அதே புரதத்தைக் கலந்தார். தொட வேண்டிய இடங்கள் இப்போது ஐதாகின. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே வெறும் இடம் இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் சுவரில் தட்டினார். நான் போனபோது எழுந்து, நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இடம் விட்டார்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உருண்டையான கலம் ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழையைவிட மெல்லிய நார்கள் புறப்பட்டிருந்தன. சில நேராக, சில வளைந்து. நுனிகள் சிறு கைகள்போல விரிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று முன்னுக்குத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டதுபோல இருந்தது. நான் திரும்பியபோது பிலோமினா கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டு வந்து, "இது ஒருக்காத்தான் நடந்திருக்கு. திரும்பத் திரும்ப நடக்கோணும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதீர்" என்றார். திரும்பச் செய்தபோதும் வளர்ந்தன. நெருக்கமாக வைத்தால் வளரவில்லை. மிக ஐதாக வைத்தால் செத்தன. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் வளர்ந்தன. நான் உற்சாகத்தில், "மனுசரும் அப்பிடித்தான் என்ன?" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "மனுசரை இதுக்குள்ள கொண்டு வராதீர். இது நரம்பு. இதுக்கு இது காணும்."

அந்தச் சில வாரங்கள்தான் நான் அவரைச் சந்தோசமாகக் கண்ட காலம். சாப்பிட மறந்து வேலை செய்தார். கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு நடந்தது அதற்குப் பிறகுதான்.

ஆமியும் பொலிஸும் வீடு வீடாகச் சோதித்தார்கள். பிலோமினாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் சிறிய கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் வெள்ளைத் தூள். அது உலர்த்தி வைத்த அந்தப் பற்றீரியா. ஆய்வுகூடத்தில் மின்சாரத்தை நம்ப முடியாது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்ற கவனத்தில் ஒரு பங்கை வீட்டில் வைத்திருந்தார். அந்தக் கவனமே அவரைப் பிடித்துக் கொடுத்தது. இது என்ன என்று கேட்டார்கள். பிலோமினாவுக்குப் பொய் சொல்ல வராது. "பற்றீரியா" என்றார். கிருமியா, யாரைக் கொல்ல என்று கேட்டார்கள். "கொல்ல இல்லை. நரம்பு வளர்க்க" என்றார். அன்ரன் பக்கத்தில் நின்றிருக்கிறார். "அக்கா உண்மையைச் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டுது" என்று பிறகு என்னிடம் சொன்னார். குப்பிகளோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று மத்தியானமே இரத்மலானைக்கும் வந்தார்கள். பிலோமினாவின் அறையைப் பூட்டி, கதவில் முத்திரை வைத்தார்கள். உள்ளே இன்கியுபேட்டரில் கலங்கள் இருந்தன. அவற்றுக்கு உணவு மாற்றாவிட்டால் சில நாள்களில் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை. முட்டை மறுபடி வாங்கலாம். உறைநிலைப் பெட்டியில்தான் பற்றீரியாவின் மூலம் இருந்தது. குப்பிகளைக் கொண்டுபோன பிறகு அது மட்டும்தான் மிச்சம்.

ஒருநாள் காலை நான் வேலைக்குப் போனபோது கட்டடத்தில் மின்சாரம் போய் வந்திருந்தது. மற்ற எல்லாம் ஓடின. பிலோமினாவின் அறைக்குள் மட்டும் மின்சாரத்துக்கான ஏதோ ஓர் ஆளி விழுந்துவிட்டது. உறைநிலைப் பெட்டியின் எச்சரிக்கை மணி பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஆளியை நிமிர்த்தினால் போதும். ஒரு குழந்தையால் செய்யக்கூடிய வேலை.

எங்கள் பணிப்பாளர் சிங்களவர். நல்ல மனிதர். அவர் ஏற்கெனவே பிலோமினாவுக்காகப் பொலிஸுக்குப் பலமுறை போய், அவமானப்பட்டுத் திரும்பியிருந்தார். அன்றைக்கும் தொலைபேசியில் கெஞ்சினார். அனுமதி கிடைக்கவில்லை. நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஓடினேன். அன்ரன் பிடித்திருந்த சட்டத்தரணி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் கோப்பையை வைத்தார்.

"மிஸ், கதவில வச்ச சீலை உடைச்சா தடயத்தை அழிச்சதாத்தான் சொல்லுவாங்கள். பிறகு அவவை வெளியில எடுக்க என்னால ஏலாது. உங்களையும் சேத்து எடுப்பாங்கள்."

"அதுக்குள்ள எல்லாம் செத்துப்போயிடும்."

"அவ சாகாமல் வரட்டும் முதல்ல."

நான் திரும்பி வந்தேன். கதவுக்கு முன்னால் பணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். முத்திரைக்கு மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் "மட்ட பே, சுபா" என்றார். தன்னால் முடியவில்லை என்றார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மேசை பக்கத்து அறையில். அந்த மணியைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தேன். அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் சத்தம் மெலிந்தது. பிறகு மின்கலம் தீர்ந்து நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

பார்க்க அன்ரனை மட்டும் விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிலோமினா கேட்ட முதல் கேள்வி, "பிறீசர் ஓடுதா?" என்பது. "ஓடுது அக்கா" என்றார் அன்ரன். ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் அதையே சொன்னார்.

கடைசியில் குற்றம் எதுவும் சாட்டாமல் நீதவான் விடுவித்தார். வெளியே வந்த பிலோமினா பாதியாகியிருந்தார். அன்ரன் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடலாம் என்றார். "இல்லை. இரத்மலானைக்குப் போவம்" என்றார் பிலோமினா. வழி முழுக்க நானும் அன்ரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அறையின் முத்திரையை அதற்கு முந்திய நாள்தான் எடுத்திருந்தார்கள். பணிப்பாளர் ஒருவரையும் உள்ளே போக விடாமல் வைத்திருந்தார்.

பிலோமினா நேராக உறைநிலைப் பெட்டியிடம் போய்த் திறந்தார். மணம் எங்களை வந்து அடித்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் பொய் சொன்னனீ?"

"நீ உள்ள இருந்தாய் அக்கா. வேற என்ன சொல்லச் சொல்லுறாய்?"

குழாயை அதன் இடத்தில் திரும்ப வைத்தார். "சரி. நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

அதிலும் ஏதாவது தப்பியிருக்கும் என்று, குழாய்களில் எஞ்சியதையெல்லாம் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தவை எங்கிருந்தோ வந்து புகுந்த வேறு கிருமிகள். அவருடையது ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன குப்பிகளைத் திருப்பிக் கேட்டோம். அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். தான் படித்த இடத்துக்கு எழுதினார். அவர்கள் அனுப்பத் தயார். ஆனால் உயிருள்ள பற்றீரியாவை நாட்டுக்குள் எடுக்கப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். ஒருமுறை பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்ப் பெண்ணின் பெயருக்குக் கிருமி வர யார் கையொப்பம் வைப்பார்கள்? பணிப்பாளர் தன் பெயரில் கேட்டுப் பார்த்தார். பதிலே வரவில்லை.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் எதை எடுத்தாலும் இடது கையால் எடுத்தார். கேட்டபோது வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு தழும்பு. "கட்டியிருந்தது" என்றார். அதற்கு மேல் அந்த நாள்களைப் பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பெருவிரலிலும் பக்கத்து விரலிலும் உணர்ச்சி இல்லை. யாருடையதோ ஒரு கையைப் பற்றிச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார். "அறுபடேல்லை, நசுங்கியிருக்கு. உள்ளுக்கு வழி கெட்டிருக்காட்டி நரம்பு மெல்ல மெல்லத் திரும்ப வளரும். பாப்பம்." அது ஓரளவுக்கு வளர்ந்தது. பேனை பிடிக்க முடிந்தது. ஆனால் முளையத்தின் முதுகெலும்புக்கு இரு பக்கமும் கடுகைவிடச் சிறிய நரம்புத் திரட்டுகள் இருக்கும். அவற்றைக் கிழிக்காமல் எடுக்க விரலுக்கு உணர்ச்சி வேண்டும். ஒருநாள் பழக்கத்துக்காகச் சில முட்டைகளை உடைத்து முயன்று பார்த்தார். நான் அறைக்குள் போனபோது எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "வீணாக்கிப் போட்டன்" என்றார். அந்த மாத முடிவில் வேலையை விட்டார்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். நல்ல ஆசிரியை என்று பெற்றோர் சொன்னார்கள். இருக்கலாம். நான் பார்த்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து கணினியில் புதிய ஆய்வுகளை வாசிப்பார். அப்படி ஒருநாள் திரையில் ஒரு படத்தில் நின்றுவிட்டார். எங்கோ வேறு யாரோ, ஐதாக்கிய புரதப் பரப்பில் நரம்பு நார்கள் நீண்டு வளர்ந்திருப்பதைக் காட்டியிருந்தார்கள். அதே அளவுதான். நான் அவர் தோளில் கை வைத்தேன்.

"நல்ல படம். எங்கடையில வெளிச்சம் காணாது" என்றார். பிறகு, "பாத்தீரா, உலகத்துக்கு ஒண்டும் குறையேல்லை. நான் இல்லாமலும் நடந்திட்டு" என்றார்.

"நீர் செய்தது சரி எண்டுதானே இது காட்டுது?" என்று தேற்றப் பார்த்தேன்.

"சரி எண்டு எனக்கு எப்பவோ தெரியும், சுபா. இவ்வளவு காலத்துக்கு நான் அடுத்ததைச் செய்திருப்பன்."

தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகும் கணினியைக் கேட்டதில்லை.

போன மாதம் காய்ச்சல் என்றார். டெங்கு. களுபோவில ஆஸ்பத்திரியில் அனுமதித்தோம். வைத்தியர்களும் தாதியரும் தங்களால் இயன்றதெல்லாம் செய்தார்கள். கடைசிப் பின்னேரம் நான் போனபோது தெளிவாகப் பேசினார். கண்கள் மட்டும் மிகவும் சிவந்திருந்தன. என்ன சொல்வது என்று தெரியாமல், நீர் எவ்வளவோ சாதித்திருக்கிறீர் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆரும் கேட்டா அப்பிடிச் சொல்லாதீர். அவ தொடங்கினவ, முடிக்க விடேல்லை எண்டு சொல்லும். அவ்வளவுதான் நடந்தது. அழகாக்காதீர்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்போது திடீரென்று, அந்த ஆண்டுகளில் நான் கேட்காத பழைய குரலில் பேசத் தொடங்கினார். ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் நெருக்கமாகவும், போகப் போக ஐதாகவும் அந்தப் புரதத்தை நிறுத்த வேண்டும். கலத்தை நடுவில் விட வேண்டும். "இப்ப சொல்லும் பாப்பம். நார் எந்தப் பக்கம் திரும்பும்?" எனக்குத் தெரியவில்லை. நெருக்கமான பக்கம் என்றேன். சிரித்தார். "எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம்" என்றார். பிறகு விளக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கியது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னார். "போயிட்டு வாரும். நாளைக்குச் சொல்லுறன்" என்றார் பிலோமினா.

யுத்தம் உயிரோடு திருப்பித் தந்த ஆளை ஒரு நுளம்பு கொண்டுபோயிற்று. கொட்டாஞ்சேனையில் அடக்கம். வீதிச் சோதனைகளுக்குப் பயந்து வரவேண்டியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. பணிப்பாளர் வந்தார். தமிழில் நடந்த பூசை முழுவதையும் பின்வரிசையில் நின்று கேட்டார். சுவாமியார் இறைவனின் திட்டம் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் சொல்வதற்கு வேறு இல்லை. கல்லறையில் என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய கண்ணாடித் தகடு ஒன்றுகூட என்னிடம் இல்லை. பற்றீரியா இல்லை. படங்கள் இருந்த கணினியை அறையைப் பூட்டிய அன்றைக்கே எடுத்துப்போனார்கள். அவருடைய அறையில் இப்போது பழைய கதிரைகளை அடுக்கியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது, செய்யப்படாத ஒரு சோதனையின் முதல் பாதி மட்டும். நடுவில் ஒரு கலம், ஒரு பக்கம் நெருக்கம், மறு பக்கம் ஐது. நார் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.